சால்வை இருக்கட்டும், சீட் கொடுங்கள்

அலுவலகத்தில் எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்றாலே பேச்சு உடனே சாய்தளத்துக்குப் போய்விடுகிறது. சாய்தளம் வேண்டும்தான், சக்கர நாற்காலியில் வரும் நண்பர்கள் அதைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதுவார்கள். எனக்குப் பார்வை இல்லை. அலுவலகத்தின் படிகளும் திருப்பங்களும் சில நாட்களில் காலுக்குப் பழகிவிட்டன. கடைசிவரை பழகாதது, வேலை கொடுக்காமல் உட்கார வைத்த அன்புதான்.

குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன் நான். சேர்ந்த அன்று இனிப்பு கொடுத்தார்கள். பிறகு தொலைபேசி இருந்த மேசைக்கு அழைத்துப் போய், "இங்கே உட்காருங்கள் சார், உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்றார்கள். ஆளுக்கொரு செல்பேசி வைத்திருக்கும் காலத்தில் ஒரு மாவட்ட அலுவலகத்தின் தரைவழித் தொலைபேசிக்கு யார் அழைக்கிறார்கள்? பாதி நாள் தவறான எண்தான். மாலையில் மற்றவர்கள், தங்களிடம் வந்த தபால்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டை முடித்து வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். எனக்கென்று ஒரு பதிவேடும் கிடையாது. என் பங்கு வேலை பக்கத்து சீட்டுகளுக்குப் பிரிந்து போனது. அலுவலகத்தில் சீட் என்றால் நாற்காலி அல்ல, ஒருவர் பொறுப்பில் விடும் வேலை. "உட்கார்ந்தே சம்பளம்" என்று அவர்கள் முணுமுணுத்தது எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு இல்லாதது பார்வை; காதுக்கு ஒன்றும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் மட்டும் மேடை, சால்வை, "தன்னம்பிக்கையின் சிகரம்" என்று ஒரு பேச்சு.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 விழுக்காடாக இருந்த அரசு வேலை ஒதுக்கீட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 4 விழுக்காடாக்கியது. இது எல்லா அலுவலகங்களுக்கும் தெரியும். எத்தனை இடம் நிரம்பியது என்று மேலிடம் கணக்குக் கேட்கும். அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு, வேலைக்கு எடுத்தவருக்கு அந்த வேலையைச் செய்யத் தேவையான வசதிகளையும் செய்து தர வேண்டும் என்கிறது. அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆகவே அதைப் பற்றிப் பேச்சும் இல்லை.

எனக்குத் தேவைப்பட்ட வசதி மிகச் சிறியது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருள், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கிய மென்பொருள் அது. அவருக்கும் பார்வை கிடையாது. முற்றிலும் இலவசம். அந்த இலவசமே வினையாகிவிட்டது. விலை இருந்தால் விலைப்புள்ளி கேட்கலாம், ஒப்புதல் வாங்கலாம். விலையே இல்லாத ஒன்றை அலுவலகக் கணினியில் ஏற்ற யார் அனுமதி தருவது என்று கோப்பு மேசை மேசையாகச் சுற்றியது.

புதிதாக வந்த கண்காணிப்பாளர் அம்மாதான் அதற்கு முடிவு கட்டினார். கறாரானவர். சீட் பிரிப்பதற்காக எல்லோரையும் அழைத்தபோது என்னையும் அழைத்து, தபால் நிறைய வரும் சீட் ஒன்றைக் கொடுத்தார். மென்பொருளைத் தம் பொறுப்பில் அன்றே ஏற்றச் சொன்னார். மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் நடுவில், "இது ஏன் இன்னும் நிற்கிறது? 17(அ) வேண்டுமா?" என்று என்னைக் கேட்டார். 17(அ) என்பது ஒழுங்கு நடவடிக்கை விதி. அரசு ஊழியர்களுக்குத் தெரியும், அது அன்பான கேள்வி அல்ல. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். பணியில் சேர்ந்ததிலிருந்து என்னை யாரும் திட்டியதே இல்லை.

நின்றதற்குக் காரணத்தைச் சொன்னேன். சுற்றறிக்கைகளை அச்சிட்டு, கையொப்பம் வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். என் மென்பொருளுக்கு அது வெறும் படம், வாயே திறக்காது. வெளியே டிடிபி கடையில் அடித்து வாங்கும் கோப்புகளோ பாமினி எழுத்துருவில் வரும். கண்ணால் பார்ப்பவருக்கு அழகான தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். 'தமிழ்' என்ற சொல்லையே என் காதில் "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று ஓதும். எந்தக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே தரமாக அறிவித்துவிட்டது. டிடிபி கடை வரை அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலும். அம்மா ஒரே ஒரு வரி எழுதினார்: ஸ்கேன் பிரதியுடன் யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பையும் சேர்த்து அனுப்பவும். செலவு ஒரு பைசா இல்லை. அதன்பிறகு என் சீட்டில் தபால் தேங்கினால் அது மற்றவர்களுக்குத் தேங்கும் காரணங்களால்தான்.

எங்கள் பிரிவில் காது கேளாத தங்கை ஒருவர் இருக்கிறார். எனக்குக் கண் இல்லை, அவருக்குக் காது இல்லை. எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில்தான். அடுத்தடுத்த மேசையில் இருந்துகொண்டு அவர் தட்டச்சு செய்வதை என் ஹெட்போன் வாசிக்கிறது. நான் தட்டச்சு செய்வதை அவர் படித்துக்கொள்கிறார். பழைய ஸ்கேன் கோப்பு ஏதாவது வந்தால், "அண்ணா, இது படம். முக்கியமானதை மட்டும் அடித்துத் தருகிறேன்" என்று செய்தி வரும். ஆய்வுக் கூட்டத்தில் நான் மடிக்கணினியுடன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசப்படுவதை எல்லாம் தட்டிக்கொண்டே இருப்பேன். ஒருமுறை அதிகாரி அடித்த நகைச்சுவைக்கு எல்லோரும் சிரித்து முடித்து, பேச்சு அடுத்த பொருளுக்குப் போன பிறகு, என் தட்டச்சைப் படித்துவிட்டு இவர் சத்தமாகச் சிரித்தார். "யார் அது?" என்று கேட்ட அதிகாரி, விஷயம் புரிந்ததும் அந்த நகைச்சுவையை நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை சொன்னார். இரண்டாம் முறை அது அவ்வளவாக எடுபடவில்லை.

இது எங்கள் இருவரின் நட்பு. இதை நிர்வாகத்தின் சாதனையாக யாரும் அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டாம். நான் விடுப்பில் போனால் அன்றைய கூட்டத்தில் அவருக்கு ஒரு சொல்லும் போய்ச் சேராது. இடமாறுதல் வந்தால் அதோடு சரி.

இப்போது அவருக்கு பவானிசாகரில் உள்ள அரசு ஊழியர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சிக்கு முறை வரப்போகிறது. பயிற்சி முழுக்க விரிவுரைகள். கூட உட்கார்ந்து தட்ட நான் இருக்க மாட்டேன். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று 20ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதலாம் என்றிருக்கிறோம். காது கேளாதவர்கள் யாராவது அங்கே பயிற்சி முடித்திருந்தால், மொழிபெயர்ப்பாளரை எப்படிப் பெற்றீர்கள், மனுவைத் துறைத் தலைவர் வழியாக அனுப்பினீர்களா, நேரடியாகவா, எத்தனை நாள் முன்னதாக என்று எழுதுங்கள். மனுவின் நகல் இருந்தால் இன்னும் நல்லது. தயவுசெய்து ஸ்கேன் செய்து போடாதீர்கள்.