நீலாம்பரியிடம் இருந்தது அதிகாரமா?

சயான் செல்வன்:
நேற்று ராத்திரி டிவியில் மறுபடியும் ‘படையப்பா’ (1999). வருஷம் போகப் போக எனக்கு நீலாம்பரி மேல்தான் மரியாதை கூடுகிறது. ஊரே ஆண்கள் கையில் இருக்கும்போது, தன்னிடம் இருந்த அழகைக் கூச்சப்படாமல் ஆயுதமாக எடுத்தவள் அவள். சின்னப் பையனாக மும்பை மாட்டுங்கா அரோரா தியேட்டரில் அந்தப் படம் பார்த்தேன். ரம்யா கிருஷ்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் பின்வரிசைப் பெண்கள் அடித்த விசில் இன்னும் காதில் இருக்கிறது. அழகை வைத்து மேலே வரப் பார்க்கிற பெண் என்றாலே கேவலமாகப் பேசுகிறோமே, அப்புறம் அந்த விசில் எதற்கு?

தாராவி மலர்:
செல்வன் தம்பி, அந்த விசிலை நானும் அடித்திருக்கிறேன். ஆனால் அந்தக் காட்சியை முழுசாகப் பாருங்கள். நாற்காலி போடாமல் ரஜினியை நிற்க வைக்கிறாள். அவர் துண்டை வீசி, மேலே கிடந்த ஊஞ்சலை இழுத்து இறக்கி, அவள் எதிரிலேயே உட்கார்ந்துவிடுகிறார். ஒரு துண்டு வீச்சுக்குத் தாங்காத அதிகாரம் என்ன அதிகாரம்? அவர் வேண்டாம் என்று சொன்னதற்காக 18 வருஷம் ஓர் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொள்கிறாள். அவர் கட்டிக்கொண்டதோ அவள் வீட்டில் வேலை செய்த, குனிந்த தலை நிமிராத வசுந்தராவை. எவள் அழகு செல்லும், எவள் அழகு செல்லாது என்று கடைசிவரை தீர்ப்பு சொல்கிற இடத்தில் ஆண்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இது பழைய கதை. 1954-இல் வந்த ‘மனோகரா’வில் வசந்தசேனை சொன்னால் அரண்மனையே ஆடும், ராஜா மயங்கிக் கிடக்கிற வரைக்கும். அந்த வேஷம் போட்ட டி.ஆர். ராஜகுமாரியோ தம்பி ராமண்ணாவோடு சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் தொடங்கிப் படம் எடுத்தார், தி.நகரில் தன் பெயரிலேயே தியேட்டர் வைத்திருந்தார். அப்படி ஒரு பெண்ணை நம் சினிமா கதையில் காட்டவே இல்லை.

சயான் செல்வன்:
அக்கா, தியேட்டருக்குக் காசு எங்கிருந்து வந்தது? நடிக்க வந்து, அந்த முகத்துக்காக ஜனங்கள் டிக்கெட் வாங்கியதால்தானே? வேறு எந்தக் கதவும் திறக்காத காலத்தில் அது ஒன்று திறந்தது, அவர் உள்ளே போனார். அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்? நம்ம ஊர்க் கதைதானே ‘கங்குபாய் காத்தியாவாடி’யும் (2022), பாலியல் தொழில் நடக்கிற காமாட்டிபுராவில் அவள் நிமிர்ந்து நிற்கவில்லையா?

செம்பூர் வாசு:
கங்குபாயை நடுவில் இழுக்காதீங்க செல்வன். அவள் நம்பி வந்த காதலனே அவளை விற்றுவிட்டுப் போகிறான். அவளை நிமிர்த்தியது தாதா ரஹீம் லாலா தங்கச்சி என்று கொடுத்த கை, அப்புறம் அந்தத் தெருப் பெண்கள் போட்ட ஓட்டு. அழகுக்கு அதில் பங்கே இல்லை.

தாராவி மலர்:
தப்பு என்று நான் சொல்லவே இல்லை தம்பி. ராஜகுமாரி நடித்தார், பாடினார், அது உழைப்பு. முகம் பார்த்து வந்த காசை முகம் வாடுவதற்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார் பாருங்கள், அதைத்தான் நான் அதிகாரம் என்கிறேன். நீலாம்பரிக்கு அந்த யோசனையை எழுதிக் கொடுக்க ஆளில்லை. அவளுக்கு எழுதிக் கொடுத்தது ஒரு துப்பாக்கி, அதுவும் தன்னையே சுட்டுக்கொள்ள.

நான் 14 வருஷமாக பியூட்டி பார்லர் நடத்துகிறேன். அந்தேரியில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் நின்ற பெண் மாசம் தவறாமல் வருவாள், சம்பளத்தில் பாதி ஃபேஷியலுக்கும் முடிக்கும் போகும். அவள் சிரித்தால் மேனேஜர் லீவு கொடுப்பான், மற்றவர்களுக்குக் கிடையாது. அவளும் அதைப் பவர் என்றுதான் நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். 36 வயசானதும் ஒரு வார்த்தை சொல்லாமல் பின்கட்டு ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், போர்வை எண்ண. என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்க்காமல் அழுதாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்த மேனேஜரைத்தான் நான் மன்னிக்கவில்லை.

சயான் செல்வன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. நீலாம்பரியை மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவர் கொடுத்த உயிர்ப்பிச்சை வேண்டாம் என்றாளே, அந்த ஒரு இடம் அவளுடையது. சரி, அந்த அக்கா இப்போது என்ன செய்கிறார்?

தாராவி மலர்:
டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் படித்துவிட்டு ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை கேட்டிருக்கிறாள். நாளைக்கு இன்டர்வியூ. காலையில் ஏழு மணிக்கே கடை திறக்கச் சொன்னாள், த்ரெட்டிங் மட்டும் போதுமாம்.