புதுத் துணிக்கடைக்கு எந்தக் கார்டு மெஷின்? (பினாங்கு)

லெபோ_பாசார்_கடை:
வணக்கம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சேலை, ரவிக்கைத் துணி, கவரிங் நகைக் கடை திறக்கிறோம். எஸ்எஸ்எம் (வணிகப் பதிவு ஆணையம்) பதிவு ஆகிவிட்டது, தனிநபர் வியாபாரம். பில் பெரும்பாலும் 20 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 150 வரை, பட்டு என்றால் 400 தாண்டும். உள்ளூர் ஆட்களோடு சுற்றுப்பயணிகளும் வரும் இடம். மூன்று பேர் விலை சொல்லியிருக்கிறார்கள்:

ஒன்று, எம்டிஆர் (ஒவ்வொரு கார்டு விற்பனையிலும் பிடிக்கும் கட்டணம்) 0.5 விழுக்காடு, மெஷின் வாடகை மாதம் 45 வெள்ளி, 24 மாத ஒப்பந்தம்.
இரண்டு, வாடகை கிடையாது, எந்தக் கார்டு என்றாலும் 1.6 விழுக்காடு.
மூன்று, மெஷினே வேண்டாம், ஆண்ட்ராய்டு கைப்பேசியின் பின்பக்கத்தில் கார்டைத் தட்டினால் போதும்.

0.5தானே குறைவு, முதலாவதையே எடுத்துவிடலாமா? டூயிட்நவ் கியூஆர் (எல்லா வங்கிச் செயலியிலும் ஸ்கேன் செய்யும் பொதுக் கியூஆர்) மட்டும் வைத்தால் என்ன?

கணக்கர்_பிரிக்பீல்ட்ஸ்:
அந்த 0.5 எந்தக் கார்டுக்கு என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் மைடெபிட்டுக்கு (நம் நாட்டு டெபிட் கார்டுப் பாதை) மட்டும்தான் இருக்கும். மைடெபிட், விசா/மாஸ்டர்கார்டு டெபிட், உள்ளூர் கிரெடிட், வெளிநாட்டுக் கார்டு என்று நான்கு வரியாக விலையை எழுதி வாங்குங்கள். அமெக்ஸ், யூனியன்பே வேண்டுமானால் அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம் (விலைகள் உதாரணத்துக்கு). மாதக் கார்டு விற்பனை 5,000 வெள்ளி. அதில் மைடெபிட் 2,500க்கு 0.5 விழுக்காடு, 12.50 வெள்ளி. உள்ளூர் கிரெடிட் 1,500க்கு 1.5, அது 22.50. வெளிநாட்டுக் கார்டு 1,000க்கு 2.8, அது 28. மொத்தம் 63, வாடகையோடு 108 வெள்ளி. இரண்டாவது ஆளிடம் அதே விற்பனைக்கு 80தான். இதே கலவையில் மாதம் ஏறக்குறைய 13,200 வெள்ளி கார்டு விற்பனை தாண்டினால்தான் வாடகை மெஷின் மலிவாகும். புதுக் கடைக்கு அந்த எண் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? 24 மாதக் கையெழுத்தை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள்.

இரண்டாவது ஆளையும் சும்மா விடாதீர்கள். 'எந்தக் கார்டு என்றாலும்' என்பதில் வெளிநாட்டுக் கார்டு அடங்குமா? உங்கள் தெருவில் அது சின்ன விஷயம் இல்லை. மாத விற்பனை இவ்வளவுக்குக் கீழ் போனால் கட்டணம் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கிறதா, இடையில் விட்டால் எவ்வளவு, வாடகைக்கும் எம்டிஆருக்கும் மேல் 8 விழுக்காடு சேவை வரி வருமா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

மெஷின்_மெக்கானிக்:
மூன்றாவது திட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். கைப்பேசியில் என்எஃப்சி (தட்டினால் கார்டைப் படிக்கும் வசதி) இருக்க வேண்டும். தட்டும் கார்டு மட்டுமே ஓடும், சிப்பைச் செருக வழி கிடையாது. இங்கே 250 வெள்ளி வரை பின் எண் (கார்டின் ரகசிய எண்) இல்லாமல் தட்டலாம், அதற்கு மேல் பின் எண் கேட்கும். ஆகவே உங்கள் 400 வெள்ளிச் சேலைக்கு, கைப்பேசித் திரையிலேயே பின் எண் அடிக்க அந்தச் செயலி விடுமா என்பதுதான் முதல் கேள்வி. சில செயலிகள் 250க்குள் மட்டும்தான். கார்டின் தட்டும் வசதியை வாடிக்கையாளரே அணைத்து வைத்திருந்தாலும் சிப் வேண்டும். பசார் மாலாம் (இரவுச் சந்தை) மேசைக்குக் கைப்பேசி போதும். பட்டு விற்கும் கடைக்கு அது இரண்டாவது கருவியாக இருக்கட்டும்.

மெஷின் எடுத்தால் நிறுவ வரும் ஆளிடம் ஒன்றைக் கேளுங்கள்: மைடெபிட்டும் விசாவும் (அல்லது மாஸ்டர்கார்டும்) சேர்ந்த டெபிட் கார்டைத் தட்டினால் எந்தப் பாதையில் போகும்? நம்மூர் வங்கி டெபிட் கார்டுகளில் பெரும்பாலும் இரண்டும் உண்டு. மலிவான பாதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வணிகருக்கு உண்டு, பேங்க் நெகாரா (மத்திய வங்கி) 2015இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டணச் சீர்திருத்தத்தில் அது இருக்கிறது. ஆனால் நீங்கள் வாய் திறக்காவிட்டால் மெஷின் எப்படி வந்ததோ அப்படியே ஓடும். வைத்த அன்றே ஒரு வெள்ளிக்குத் தட்டி ரசீதைப் பாருங்கள். மைடெபிட் என்று அச்சாகியிருக்க வேண்டும்.

இன்டர்நெட்டுக்கு வைஃபையை மட்டும் நம்பாமல் சிம் உள்ள மெஷினாகக் கேளுங்கள். பழைய கடைவீட்டுச் சுவர் தடிமன். கல்லாப்பெட்டி இருக்கும் இடத்தில் சிக்னல் வருகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

லெபோ_பாசார்_கடை:
நன்றி. கார்டில் கட்டினால் ஒரு விழுக்காடு கூடுதலாக வாங்கலாமா? 'கார்டு 30 வெள்ளிக்கு மேல்தான்' என்று பலகை வைக்கலாமா? பல கடைகளில் பார்க்கிறேனே.

கணக்கர்_பிரிக்பீல்ட்ஸ்:
பல கடைகள் செய்வதால் சரியாகிவிடாது. கார்டுக்கென்று கூடுதல் வாங்குவதையும் குறைந்தபட்சத் தொகை வைப்பதையும் விசா, மாஸ்டர்கார்டு விதிகள் இங்கே அனுமதிப்பதில்லை. நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலும் அது இருக்கும். புகார் போனால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எம்டிஆரை விலையிலேயே சேர்த்துவிடுங்கள். சிறு பில்லுக்குக் கியூஆரை முன்னால் வையுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பட்டர்வொர்த்_அக்கா:
கியூஆர் மட்டும் போதுமா என்று கேட்டீர்களே தம்பி. உள்ளூர் ஆட்களுக்கு ஏறக்குறைய போதும். சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியாவிலிருந்து வருபவர்களும் தங்கள் செயலியிலேயே நம் டூயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்யலாம். வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகளிடம் கார்டுதான் இருக்கும். கட்டணத்தை வங்கிக்கு வங்கி கேளுங்கள், சிறு வணிகருக்குத் தள்ளுபடி தருகிறார்கள். ஆனால் அதே கியூஆரில் கிரெடிட் கார்டு வழியாகக் கட்டினால் வேறு விலை, 'இலவசம்' என்ற சொல் அதற்கும் சேர்த்தா என்று பாருங்கள்.

மோசடி இங்கேதான் அதிகம். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக எடுக்காதீர்கள், போலி ரசீது செய்வது நிமிட வேலை. உங்கள் கைப்பேசியில் அறிவிப்பு வந்த பிறகே பையைக் கொடுங்கள். பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஒலிபெருக்கிப் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. தினமும் காலையில் உங்கள் கியூஆரை நீங்களே ஸ்கேன் செய்து கடைப் பெயர் வருகிறதா பாருங்கள், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

விண்ணப்பத்துக்கு: எஸ்எஸ்எம் சான்றிதழ், ஐசி (அடையாள அட்டை) இருபக்கமும், வங்கி ஸ்டேட்மெண்ட், பெயர்ப்பலகை தெரியும்படி கடையின் வெளிப்படம், சரக்கு தெரியும்படி உள்படம். எம்பிபிபி (பினாங்குத் தீவு மாநகராட்சி) உரிமமும் கேட்கலாம். அதிகமாகத் தடுக்கி விழுவது பெயரில்தான். எஸ்எஸ்எம்மில் ஒரு பெயர், பலகையில் வேறு, வங்கிக் கணக்கு சொந்தப் பெயரில் என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். கடைப் பெயரிலேயே கணக்கைத் திறந்துவிட்டு விண்ணப்பியுங்கள். மெஷின் தரும் கம்பெனியின் பெயர் கேள்விப்படாததாக இருந்தால் பேங்க் நெகாரா பட்டியலில் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மெஷின்_மெக்கானிக்:
கடை திறந்த பிறகு குழப்பம் வரும் இடங்கள்:

செட்டில்மெண்ட், அதாவது அன்றைய கார்டு விற்பனையை மெஷினிலிருந்து வங்கிக்கு அனுப்புவது. இரவு கடை அடைக்கும்போது அதை அழுத்தாவிட்டால் அன்றைய பணம் மெஷினிலேயே கிடக்கும். தானாக நடக்கும்படி நேரம் வைக்கச் சொல்லுங்கள், ஆனால் அந்த நேரத்தில் மெஷினை அணைத்துவிடக் கூடாது. பணம் வருவது வேலை நாள் கணக்கில். ஒரு நாள் என்று சொன்னாலும் வெள்ளிக்கிழமை இரவு விற்றது திங்களோ செவ்வாயோதான். தீபாவளிக்கு முன் சரக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டியதை இதை வைத்துத் திட்டமிடுங்கள்.

தொகை தவறாக அடித்துவிட்டால், செட்டில்மெண்டுக்கு முன் 'வாய்ட்' (ரத்து), அதற்குப் பிறகு 'ரீஃபண்ட்' (பணம் திருப்புதல்). வாய்டுக்கு ரசீதில் உள்ள டிரேஸ் எண் வேண்டும். கார்டில் வாங்கியதை ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பிறகு அவர் வங்கியில் தகராறு எழுப்பினால் இரண்டு முறை இழப்பீர்கள்.

லைன் பாதியில் அறுந்தால் உடனே மறுபடி தட்டச் சொல்லாதீர்கள். மெஷினில் கடைசிப் பரிவர்த்தனையைப் பாருங்கள். 'அப்ரூவ்ட்' இருந்தால் ரசீதை மறு அச்செடுங்கள், இல்லையென்றால்தான் இன்னொரு முயற்சி.

நிராகரிப்பு எண்கள் சில: 51 பணம் போதவில்லை, 54 கார்டு காலாவதி, 55 பின் தவறு, 91 கார்டு வங்கி பதில் தரவில்லை. 05 வந்தால் வங்கி காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டது என்று அர்த்தம். மெஷினில் குறை இல்லை, வேறு கார்டு கேளுங்கள்.

கணக்கர்_பிரிக்பீல்ட்ஸ்:
கணக்குப் புத்தகத்தில் வங்கிக்கு வந்த தொகையை விற்பனை என்று எழுதாதீர்கள். 100 வெள்ளி விற்று 98.40 வந்தால், விற்பனை 100, கட்டணச் செலவு 1.60. எல்எச்டிஎன்னுக்காகக் (வருமான வரி வாரியம்) கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், வெப்பத்தாள் ரசீது அதற்குள் வெளுத்துப் போகும். செட்டில்மெண்ட் ரசீதை அன்றன்றே படமெடுங்கள், மாத அறிக்கையைப் பதிவிறக்கி வையுங்கள். வாடிக்கையாளரின் கார்டை மட்டும் படமெடுக்கவோ எண்ணை நோட்டில் எழுதவோ கூடாது.

லெபோ_பாசார்_கடை:
இரண்டாவது ஆளிடம் வெளிநாட்டுக் கார்டு விலையைக் கேட்டுவிட்டேன், 2.6 என்கிறார். முதலில் விலை சொன்னபோது அது அவர் வாயிலே வரவே இல்லை.

கணக்கர்_பிரிக்பீல்ட்ஸ்:
அப்படியென்றால் மேலே போட்ட கணக்கில் 80 என்பது 90 ஆகிறது. இன்னும் 108ஐவிடக் குறைவுதான், ஆனால் சமப்புள்ளி 13,200இலிருந்து 8,300 பக்கம் இறங்கிவிட்டது. ஒப்பந்தக் காலம் இல்லையென்றால் எடுங்கள். மூன்று மாத அறிக்கையை வைத்துக்கொண்டு முதலாவது ஆளிடம் வாடகையைக் குறைத்துக் கேளுங்கள்.