மறு: இரை நறுக்கும் பலகைக்கு ஒரு சொல் – ‘இரைமணை’ என்று வைத்தால் என்ன?

எல்லாருக்கும் வணக்கம். கேள்வியைப் போட்டுவிட்டுத் தொண்டிப் பக்கம் போய்விட்டேன், மூன்று நாள் கழித்து மதுரைக்கு வந்து பார்த்தால் இத்தனை பதில். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: மச்சானுடைய சின்ன ஃபைபர் படகில் தூண்டிலுக்கு இரை நறுக்க என் வீட்டு மாடியில் ஒரு பலகை செய்தேன், செய்முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் சாமானுக்கே பெயர் இல்லை.

> இதில் என்ன சிக்கல்? ‘இரை வெட்டும் பலகை’ என்று எழுதிவிட்டுப் போங்கள்.

மேலூர் அண்ணே, அது விளக்கம், பெயர் ஆகாது. அதோடு படகில் ஏற்கெனவே எல்லாமே பலகைதான். உட்காருவதும் பலகை, காலுக்குக் கீழே கிடப்பதும் பலகை. ஒரு கையில் தங்கூசி (தூண்டில் நரம்பு) இழுபட்டுக்கொண்டிருக்கும்போது “அந்தப் பலகைய இங்கிட்டு நகட்டு” என்றால் எதை நகர்த்துவது? மச்சான் மூன்று நாளும் அதை “அந்த வெள்ளை” என்றுதான் சொன்னார்.

> ‘இரைவெட்டி’ நறுக்கென்று இருக்கிறதே.

நறுக்கென்றுதான் இருக்கிறது, ஆனால் பாக்குவெட்டி, நகவெட்டி எல்லாவற்றிலும் வெட்டுகிற சாமான்தான் ‘வெட்டி’. அந்தக் கணக்கில் இரைவெட்டி என்பது கத்தி. நம் ஆள் வெட்டு வாங்குகிறவன்.

> கறிக்கட்டை மாதிரி ‘இரைக்கட்டை’. பிளாஸ்டிக்கை எப்படிக் கட்டை என்பது என்று கேட்காதீர்கள், தோசைக்கல் இரும்பாகி எத்தனை காலம் ஆச்சு.

இதற்கு நான் பாதி மடங்கிவிட்டேன் தம்பி. பொருள் மாறினாலும் பெயர் நிற்கும் என்பது முழுக்கச் சரி. ஆனால் கறிக்கட்டை என்றதும் நமக்கெல்லாம் கண்முன் வருவது ஆள் இரண்டு பேர் சேர்ந்து புரட்டுகிற புளியங்கட்டை. இது பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம், முக்கால் அங்குலக் கனம், ஒரு கையில் தூக்கலாம். பொருள் மாறலாம், உருவமும் சேர்ந்து மாறினால் பெயர் தடுமாறுகிறது.

என் பரிந்துரை ‘இரைமணை’. மணை என்றால் தாழ்வான மரப்பலகை, கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளையை உட்கார வைக்கிறார்களே, அதே மணை. அரிவாள்மணை, துருவுமணை இரண்டிலும் இருப்பது இதுதான். நாம் ‘அருவாமனை’ என்று பேசிப் பேசி ண போய் ன வந்துவிட்டது, அவ்வளவுதான். எழுதும்போது மூன்று சுழி ண போடவேண்டும், இல்லாவிட்டால் இரைமனை என்று ஏதோ பிளாட் விற்கிற விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

> மணை என்றாலே மேலே ஒரு அரிவாள் நிற்கும் என்றுதானே படிப்பவர் நினைப்பார்?

தேவகோட்டை அக்கா கேட்டது நல்ல கேள்வி, இதைத்தான் பஸ்ஸில் வரும்போதும் யோசித்துக்கொண்டு வந்தேன். கரிமேட்டு மீன்கடையில் பார்த்திருப்பீர்கள், அடிக்கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு நிற்கிற அரிவாளில் மீனைக் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். கத்தி அசையாது, மீன்தான் அசையும். ஆடுகிற படகில் அப்படி ஒன்றை நிறுத்தி வைத்தால் ஒரு அலை தூக்கிப்போட்டதும் கை அதன்மேல் போகும், அதனால்தான் அங்கே தட்டையான பலகையும் தனிக் கத்தியும். சரி, பெயருக்கு வருவோம். அரிவாள்மணையில் அரிவாளைச் சொல்வது ‘அரிவாள்’ என்கிற முன்பாதி, துருவுமணையில் ‘துருவு’. மணை என்ற பின்பாதியில் கத்தியே கிடையாது, அது வெறும் பலகை. அப்படியானால் இரைமணை, இரை கிடக்கிற பலகை. கத்தியைச் சொல்லவில்லை, அதனால் கத்தி இல்லை.

இனி உறுப்புகளுக்கான சொற்கள். முதலில் மிச்சம் கிடந்த பிளைவுட்டில் செய்தேன், ஓரம் வழியாகத் தண்ணீர் குடித்து உப்பிப்போய் நாற்றம் வேறு. இப்போது ஹெச்டிபிஇ பிளாஸ்டிக். அது தண்ணீரைவிட லேசு, கழன்று கடலில் விழுந்தாலும் மிதக்கும். ஆனால் எந்தப் பசையும் அதில் சரியாகப் பிடிக்காது, நான் எபாக்ஸி வைத்து ஒட்டிப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன், முடுக்கித்தான் ஆகவேண்டும். துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்குரூவிலும் 304 என்கிற ரகம் போதாது, உப்புத்தண்ணீருக்கு மாலிப்டினம் கலந்த 316 ரகம் கேட்டு வாங்குங்கள். வெயிலில் இந்தப் பிளாஸ்டிக் நன்றாகவே நீளும், ஆகவே ஓட்டையை வட்டமாகப் போடாமல் கொஞ்சம் நீள்வட்டமாக இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நடுவில் வளைந்து நிற்கும்.

பலகையின் மூன்று பக்கமும் நறுக்கிய மத்தித் துண்டு வழுக்கி ஓடாமல் இருக்க அரை அங்குல உயரத்துக்குச் சட்டம் வைத்தேன். இதற்கு ‘வரப்பு’. ரத்தமும் தண்ணீரும் ஓடிச் சேர ஓரமாகத் தோண்டிய பள்ளத்துக்கு ஆசாரிமார் சொல்கிற ‘காடி’ இருக்கவே இருக்கிறது (புளித்த காடி நினைவுக்கு வந்தால் வரட்டும், மீன் நாற்றத்தைவிட மேல்). காடியிலிருந்து படகுக்கு வெளியே தண்ணீர் விழுகிற வாய்க்கு, கண்மாயில் (ஏரியில்) தண்ணீர் திறந்துவிடுகிற வாயின் பெயரான ‘மடை’. வடிகால் என்று ஒருவர் எழுதியிருந்தார், அது எனக்கு மாநகராட்சிச் சாக்கடை மாதிரி படுகிறது.

> கடலுக்குப் போகிற சாமானுக்குக் கண்மாய்ச் சொல்லா? கரைக்காரர்கள் சிரிக்கமாட்டார்களா?

சிரித்தார்கள். தொண்டியில் இதைச் சொன்னதும் மச்சான், “கடலுக்கே மடை கட்டிட்டீங்களா மாமா, அடுத்து கலுங்கு எப்ப?” என்று கேட்டுப் பக்கத்துப் படகுக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார் (கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்தான் கலுங்கு). மதுரையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய்தான், நான் வேறு எங்கே போய்ச் சொல் எடுப்பேன்? கடற்கரையில் இதற்கெல்லாம் சொந்தச் சொல் இருந்தால் அதுதான் முன்னால் போகவேண்டும், கேட்டு எழுதுங்கள், என்னுடையதை அப்போதே எடுத்துவிடுகிறேன். ஆனால் கடைசி நாள் காலையில் மச்சான் கணவாய் நறுக்கிக்கொண்டிருந்தவர், பலகையில் தண்ணீர் தேங்கியதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “மாமா, மடைல செதிலு அடைச்சிருக்கு, குச்சிய விட்டுக் குத்துங்க” என்றார்.

மடை படகேறிவிட்டது. மணை இன்னும் “அந்த வெள்ளை”தான்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. கத்தியைச் செருகி வைக்கப் பலகையின் பின்பக்கம் ஒரு பிளவு விட்டிருக்கிறேன், அக்கா ‘கத்திக்கூடு’ என்கிறார், எனக்கு ‘செருகு’ என்ற ஒற்றைச் சொல்லே போதும் என்று படுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சண்டை போடுகிறவர்கள் போடலாம், அதற்கு அப்புறம் செய்முறையின் சொற்பட்டியலில் ஏற்றிவிடுவேன்.