கேமனா, எம்2-வா? இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

கானாடுகாத்தான்_பையன்:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் 14 வருடம் இருந்துவிட்டு, போன தைப்பூசத்தோடு ஊருக்கே வந்துவிட்டேன். தொழில் திருச்சியில். வாரத்தில் இரண்டு நாள் திருமயம், புதுக்கோட்டை வழியாகப் போய்வருவேன். மாதம் ஒரு தடவையாவது ஏதாவது மலைப்பக்கம் ஏறிவிட்டு வர ஆசை.

சின்ன வயதிலிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று பணம் சேர்த்தேன். இப்போது சென்னையில் இரண்டு பழைய கார்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2019 போர்ஷே 718 கேமன், 2 லிட்டர் டர்போ, பிடிகே கியர் (போர்ஷேயின் ஆட்டோமேட்டிக்). இன்னொன்று 2023 பிஎம்டபிள்யூ எம்2, ஆட்டோமேட்டிக். கேமன் விலை குறைவுதான், ஆனால் பணத்தை வைத்து முடிவு செய்யப் போவதில்லை. வேகத்தில் எது, ஹேண்ட்லிங்கில் (வளைவில் கார் கைக்கு அடங்குவதில்) எது என்று ஓட்டியவர்கள் சொன்னால் போதும்.

அப்பச்சி, அதாவது அப்பா, எதிர்க்கவில்லை. "உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு வயது 73, முழங்கால் வலி உண்டு.

தேவகோட்டை_டர்போ:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது நண்பா? எம்2-வுக்கு 460 பிஎஸ் (குதிரைத்திறன்), ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.1 நொடியில் தொடும். கேமனுக்கு 300 பிஎஸ், நாலு சிலிண்டர், 4.9 நொடி. வேகமாகக் கிளம்ப உதவும் ஸ்போர்ட் க்ரோனோ பேக்கேஜ் இருந்தால் 4.7. பின் சீட்டும் எம்2-வில்தான். கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

காரைக்குடி_அலைன்மெண்ட்:

தம்பி, காரைக்குடியில் வீல் அலைன்மெண்ட் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் 2015 முதல் 2024 வரை துபாயில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதே வேலை. நீங்கள் கேட்கிற இரண்டு காரையும் ஒரே நாளில், ஒரே மலையில் ஓட்டிய அனுபவம் எனக்கு உண்டு. ராஸ் அல் கைமா பக்கம் ஜெபல் ஜைஸ் என்று ஒரு மலை, வழவழவென்று அகலமான ரோடு. எங்கள் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர், நண்பர்கள். ஒருவரிடம் கேமன், உங்களுடையது போலவே 300 பிஎஸ். மற்றவரிடம் புது எம்2. அலைன்மெண்ட் முடித்துக் கொடுத்ததும் "நீயே ஓட்டிப் பார்த்துச் சொல்" என்று ஒரு லீவு நாளில் கூட்டிப் போனார்கள். கேமனில் மலை ஏறி, எம்2-வில் மலை இறங்கினேன். அப்புறம் மாற்றி ஒரு தடவை.

முதலில் வேகம். தேவகோட்டைத் தம்பி சொன்ன கணக்கு சரி. 100-ல் போகிற கார் நொடிக்கு 28 மீட்டர் ஓடும். 0.8 நொடி என்றால் கிட்டத்தட்ட 22 மீட்டர், ஐந்து காரை வரிசையாக நிறுத்தும் நீளம். ஆனால் உங்களுக்கு நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற வேகம் எதற்கு? கீரனூர் தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிரே ரோடு காலியானதும் ஏறிப் போக வேண்டும், அந்த பிக்கப்தான் தேவை. அதிலும் எம்2-வே முந்தும். அதன் இழுவை 550 நியூட்டன் மீட்டர், கேமனுக்கு 380. எம்2-வில் காலை வைத்ததும் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும். கேமனில் ஒரு கணம் டர்போ மூச்சு வாங்கும், பிறகு நன்றாகவே இழுக்கும். அது போதாது என்று நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. ஆனாலும் நேர் ரோட்டில் எம்2-தான் வேகம், அதில் பேச்சே இல்லை.

வளைவுக்கு வந்தால் கதை வேறு.

நம் ஊரில் பழனிக்குக் காவடி எடுத்து நடந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே பிடிபடும். காவடியில் பாரம் இரண்டு நுனியிலும் இருக்கும். தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், நீங்கள் திரும்பிய பிறகும் நுனிகள் போய்க்கொண்டே இருக்கும், நிறுத்துவதும் பாடு. அதே பாரத்தைக் குடத்தில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டால் எந்தப் பக்கமும் சுளுவாகத் திரும்பலாம். கேமனில் என்ஜின் சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால், நடுவில் கிடக்கிறது. அதுவும் படுத்த மாதிரி பாக்சர் என்ஜின், அதனால் பாரம் தாழ்வாக இருக்கும். எம்2-வில் நீளமான ஆறு சிலிண்டர் என்ஜின் முன்னால். அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் எடையைச் சரிபாதிக்குப் பக்கமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், நல்ல வேலைதான். ஆனால் எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் வளைவில் பேசும்.

மொத்த எடையையும் பாருங்கள். கேமன் பிடிகே 1365 கிலோ. எம்2 ஏறத்தாழ 1700. அதாவது ஒரே வேகத்தில் வந்து பிரேக் பிடித்தால், எம்2-வின் பிரேக் கால் பங்கு அதிகச் சூட்டைத் தின்ன வேண்டும். அதன் பிரேக் பெரியது, தாங்கும். ஆனாலும் மலை இறங்கும்போது அந்த 335 கிலோவை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உணர்ந்தேன். முன்மூக்கு ஒரு சாண் வெளியே போய், பிறகுதான் உள்ளே வந்தது. முன்பக்கம் 275 அகல டயர் போட்டிருப்பதால் பிடிப்புக்குக் குறைவில்லை. ஆனால் எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்கிறது என்று ஸ்டியரிங் வழியாகக் கைக்குத் தெரியவில்லை. கேமனில் 60-ல் போகும்போதே தெரிந்தது. ரோட்டில் ஜல்லி கொஞ்சம் சிதறிக் கிடந்தால் அதுகூட உள்ளங்கையில் வந்து சொன்னது. இத்தனைக்கும் இரண்டிலும் எலக்ட்ரிக் ஸ்டியரிங்தான்.

எனக்கு இதுதான் பெரிய விஷயம். எம்2 சந்தோஷப்படுத்த வேண்டுமென்றால் நம் ரோட்டில் ஓட்டக்கூடாத வேகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. கேமன் 60, 70-லேயே சிரிக்க வைத்துவிடுகிறது. 60-ல் எடுக்கிற வளைவை 80-ல் எடுத்தால் டயர் மேல் பக்கவாட்டில் விழும் பாரம் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். திண்டுக்கல் பக்கம் சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாக விடிகாலையில் போய்விடலாம். அந்தச் சின்ன ரோட்டில் எம்2-வின் 460 பிஎஸ்ஸில் பாதிக்கு மேல் வேலை இருக்காது.

கேமனின் குறையையும் சொல்லிவிடுகிறேன். என்ஜின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, கரகரவென்று இருக்கும். எம்2-வின் ஆறு சிலிண்டர் பாடுகிற மாதிரி வராது. இன்னொன்று, இடுப்புக் குடம் சுளுவாகத் திரும்பும் என்றேன், சறுக்கினாலும் அதே சுளுவில் சுற்றிவிடும். வளைவு நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சடாரென்று எடுக்காதீர்கள். எம்2 சறுக்கும்போது மெதுவாக, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சறுக்கும்.

கோட்டையூர்_பொண்ணு:

அண்ணன் சொன்ன காவடி விஷயத்துக்கு என் அனுபவமும் ஒன்று. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே என்று ரேஸ் டிராக் இருக்கிறது, சுமார் 2.1 கிலோமீட்டர். நான் அங்கே ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் போலோவில் டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டும் நாள்) ஓட்டுவேன், 105 பிஎஸ்தான். நேர்ப்பாதை சின்னது, வளைவு அதிகம். என்னைவிட இரண்டு மடங்கு சக்தி உள்ள பெரிய கார்கள் நேர்ப்பாதையில் என்னைத் தாண்டிப் போகும், அடுத்த வளைவில் பிரேக் பிடித்து எனக்கு முன்னால் திணறி நிற்கும். பத்து நிமிடத்தில் அவர்கள் பிரேக் சூடாகி உள்ளே போய்விடுவார்கள். எடை குறைவு என்பது டயருக்கும் பிரேக்குக்கும் சேர்த்து நல்லது. ஶ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், அங்கே நேர்ப்பாதை நீளம் என்பதால் எம்2-வுக்கு வசதி.

கானாடுகாத்தான்_பையன்:

அண்ணே, அக்கா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. ஒரு சந்தேகம். எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறதே. வாங்கிய பிறகு அங்கே வைத்து 0-100 பார்க்கலாமா?

காரைக்குடி_அலைன்மெண்ட்:

வேண்டாம் தம்பி, தயவுசெய்து. அது அரசாங்கத்து இடம். ஆடு மாடு குறுக்கே வரும், தளமும் அங்கங்கே பெயர்ந்து கிடக்கும். 150-ல் போகும்போது ஒரு கன்றுக்குட்டி வந்தால் எந்தக் காரின் ஹேண்ட்லிங்கும் காப்பாற்றாது. தங்கச்சி சொன்ன செட்டிப்பாளையத்துக்குப் போங்கள். ஹெல்மெட் போட்டு, ஆள் வைத்துச் சொல்லித் தருகிறார்கள்.

அதைவிட, வாங்குவதற்கு முன் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். கேமனில் இன்னும் அதே பழைய டயர் இருந்தால், கட்டை எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். நீங்கள் டெஸ்ட் ஓட்டுகிற ஹேண்ட்லிங் அந்தக் காருடையதே இல்லை. போன மாதம் ஒருவர் கொண்டுவந்த காரில் முன்பக்கம் ஒரு கம்பெனி, பின்பக்கம் வேறு கம்பெனி, வயதும் நாலு வருட வித்தியாசம். வளைவில் கார் இழுக்கிறது என்று அலைன்மெண்டைக் குறை சொன்னார். டயரை மாற்றினோம், சரியாகிவிட்டது. பின் டயரின் உள் ஓரத்தையும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், வெளியே நன்றாக இருந்து உள்ளே தேய்ந்திருக்கும். கேமனில் பிஏஎஸ்எம் சஸ்பென்ஷன் (ரோட்டுக்கேற்பத் தானே இறுக்கம் மாற்றிக்கொள்வது) இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது எல்லாக் கேமனிலும் வராது, தனியாகக் காசு கொடுத்துப் போடுவது.

தேவகோட்டை_டர்போ:

அண்ணே, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் திருச்சிக்கு வாரம் இரண்டு தடவை, அப்பச்சியும் கூட வருவார் என்றால் எம்2-தானே வசதி?

காரைக்குடி_அலைன்மெண்ட்:

நியாயமான கேள்வி. இரண்டு பேருக்கு மேல் போக வேண்டுமென்றால் எம்2-தான், மறுபேச்சு இல்லை. ஆனால் அதன் சஸ்பென்ஷனை கம்ஃபர்ட்டில் வைத்தாலும் கொஞ்சம் முரடுதான், வேகத்தடையில் அப்பச்சி முழங்காலைப் பிடித்துக்கொள்வார். இரண்டு காரிலும் ஏறி இறங்குவது பாடுதான். அவருக்கு வீட்டில் வேறு கார் இருக்குமே?

கானாடுகாத்தான்_பையன்:

இருக்கிறது அண்ணே, இன்னோவா.

நேற்று சென்னை போய் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். எம்2-வின் வேகம் பயமாகவே இருந்தது, நன்றாகவும் இருந்தது. கேமன் டயரில் 0819 என்று இருந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே உள் ஓரம் தேய்ந்திருக்கிறது. பிஏஎஸ்எம் இருக்கிறது, க்ரோனோ இல்லை. டெலிவரிக்கு முன் நாலு டயரும் புதிதாகப் போட்டுத் தரச் சொல்லி கேமனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது அப்பச்சியிடம் போனில் சொன்னேன். "ரெண்டு பேர்தான் போகலாம்னா, முதல்ல என்னைக் குன்றக்குடிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அலைன்மெண்ட்டுக்கு எப்போது கொண்டுவரட்டும் அண்ணே?

காரைக்குடி_அலைன்மெண்ட்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. புது டயர் முதல் முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், மேலே உள்ள வழவழப்பு போகட்டும். சென்னையிலிருந்து ஓட்டி வந்தாலே அது முடிந்துவிடும். திங்கட்கிழமை காலை 8 மணிக்குள் வாருங்கள், கூட்டம் இருக்காது. ரேம்ப்பில் ஏற்றும்போது முன்மூக்கு தட்டாமல் இருக்கப் பலகை தயாராக வைத்திருக்கிறேன்.