புதுப்பிப்பு: பிராசோஸ் ஆற்றுப் பக்கத்து வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: டெக்சாஸில் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் வீடு, வெள்ள வரைபடத்தில் எக்ஸ் மண்டலம் (அதாவது ஆபத்து அதிகமில்லை என்று குறித்த பகுதி), வீட்டுக் கடன் தந்த வங்கி கட்டாயப்படுத்தவில்லை, அப்படியும் வெள்ளக் காப்பீடு தேவையா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எடுத்துவிட்டோம்.

மனதை மாற்றியது எங்கள் குடியிருப்பைச் சுற்றியுள்ள மண்கரை. அது இருப்பதால் ஆறு உள்ளே வராது என்று நிம்மதியாக இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் விளக்கினார்: ஆறு ஏறினால் கரையின் மதகுகளை மூடிவிடுவார்கள். அப்புறம் உள்ளே பெய்யும் மழைக்குப் போக்கிடம் இல்லை, பம்பு வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். 2017-இல் ஹார்வி புயலின்போது எங்கள் கவுண்டியின் ரிச்மண்ட் நகரில் பிராசோஸ் ஆற்றின் நீர்மட்டம் 55 அடியைத் தொட்டது. பம்புகளின் வேகத்தை மழை மிஞ்சினால் தண்ணீர் தெருவில் தேங்கி வீட்டுக்குள் வரும்.

சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்காது. அமெரிக்க மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். வீட்டுப் பொருட்களுக்கு 1,00,000 வரை உண்டு, ஆனால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் முகவர் முதலில் அனுப்பிய கட்டண மதிப்பீட்டில் பொருட்கள் இல்லவே இல்லை, நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு சேதமாகி வெளியே தங்க நேர்ந்தால் அந்த வாடகையும் இதில் கிடைக்காது.

வாங்கிய காப்பீடு நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. மெக்சிகோ வளைகுடாவில் புயல் உருவான பிறகு ஓடினால் பலனில்லை. பின்னால் இழப்பீடு கேட்க நேர்ந்தால் காட்டுவதற்காக, இந்த வார இறுதியில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து வைக்கப் போகிறோம்.