டப்ளின் ஹேப்பெனி பாலம்: பெற்றோரை அழைத்துப் போகலாமா?

கரிசல்மண்:
வணக்கம். செப்டம்பரில் அப்பா அம்மாவோடு டப்ளின் போகிறேன், தங்கை அங்கே நர்ஸாக இருக்கிறாள். அப்பா பொதுப்பணித் துறையில் பாலம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். லிஃபி ஆற்றின் மேல் 200 வருஷத்துக்கு முந்தைய இரும்பு நடைபாலம் ஒன்று இருக்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டு தினமும் அதையே கேட்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கலாமா, இல்லை போகிற வழியில் பார்த்தால் போதுமா? எந்த நேரம் நல்லது?

லிஃபிக்கரை:
ஒரு நாளெல்லாம் வேண்டாம் சார். பாலத்தின் மொத்த நீளமே சுமார் 43 மீட்டர், அகலம் நாலு மீட்டர்கூட இல்லை, சாதாரணமாக நடந்தால் ஒரு நிமிஷத்தில் அக்கரை வந்துவிடும். ஆனால் தினமும் ஏறத்தாழ 30 ஆயிரம் பேர் கடக்கிற பாலம், அதனால் ஆபீஸ் நேரத்தில் நின்று ரசிக்க முடியாது, பின்னால் வருகிறவர் உங்கள் தோளை இடித்துக்கொண்டுதான் போவார். வார நாளில் பத்து, பதினொரு மணி வாக்கில் போங்கள். லுவாஸ் டிராமில் சிவப்பு லைன், ஜெர்விஸ் ஸ்டாப்பில் இறங்கி லிஃபி ஸ்ட்ரீட் வழியாக ஆற்றைப் பார்த்து இறங்கினால் நேராகப் பாலம்தான். நடுவில் முதுகு தூக்கினாற்போல் இருக்கும், மழை பெய்திருந்தால் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடக்கட்டும். வெள்ளி, சனி ராத்திரி மட்டும் வேண்டவே வேண்டாம், தென்கரையில் டெம்பிள் பார், குடித்துவிட்டு வருகிற கூட்டம்.

பழங்கணக்கு:
அப்பாவுக்குக் கதை பிடிக்குமென்றால் கதைதான் இதில் பெரிசு. அந்த இடத்தில் முன்னே பாலம் கிடையாது, படகுத்துறை. வில்லியம் வால்ஷ் என்பவர் படகு ஓட்டும் உரிமை வைத்திருந்தார், படகுகளெல்லாம் ஓட்டை உடைசல். ஒன்று படகைச் சரி செய், இல்லையென்றால் பாலம் கட்டு என்று நகராட்சி நெருக்க, அவர் பாலத்தைத் தேர்ந்தெடுத்தார், பதிலுக்கு 100 வருஷம் சுங்கம் வசூலிக்கும் உரிமை. ஆளுக்கு அரைப் பென்னி, அந்த ஊர்ப் பேச்சில் ஹேப்பெனி. 1816 மே மாதம் திறந்தார்கள், 1919 வரை வாசலில் காசு வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள், அந்தக் காசு பேராகவே நிலைத்துவிட்டது. முதலில் வைத்த பெயர் வெலிங்டன் பாலம். யார் இந்த வெலிங்டன் என்றால், வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர், அதற்கு முன் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக வந்த ஆர்தர் வெல்லெஸ்லி. ஆள் டப்ளின்காரர்தான். தென்கரை ரோட்டுக்கு இன்றும் வெலிங்டன் கீ என்றுதான் பெயர். இன்னொன்று, சுங்க உரிமை முடியப்போகிற நேரத்தில் இந்தப் பாலத்தை எடுத்துவிட்டு ஆற்றுக்கு மேலேயே ஓர் ஓவியக் கூடம் கட்ட வரைபடம் போட்டார்கள். போட்டவர் புது டெல்லியை வடிவமைத்த அதே லட்யன்ஸ். நகராட்சி ஒத்துக்கொள்ளவில்லை, நல்லவேளை.

சும்மாசுற்றி:
ஏங்க, வெள்ளைப் பெயின்ட் அடித்த ஒரு சின்னப் பாலம், மேலே மூணு விளக்கு வளைவு, அவ்வளவுதானே? இதற்குப் போய் இவ்வளவா? டிரினிட்டி காலேஜ் லைப்ரரிக்கு டிக்கெட் எடுங்கள், காசுக்கு மதிப்பு இருக்கும்.

வார்ப்பிரும்பு:
சும்மாசுற்றி அண்ணே, இவர் அப்பா பாலம் கட்டினவர், அவருக்குப் போய் லைப்ரரியா? கரிசல்மண், அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: முழுக்க வார்ப்பிரும்பு. அமுக்கினால் எவ்வளவோ தாங்கும், இழுத்தால் பட்டென்று முறியும், அதனால்தான் ஒரே வளைவாக, பாரம் முழுவதும் அமுக்கமாகவே கரைக்கு இறங்குகிற மாதிரி செய்திருக்கிறார்கள். வார்த்தது இங்கிலாந்தில் கோல்புரூக்டேல், 1779இல் செவர்ன் ஆற்றின் இரும்புப் பாலத்துக்கு வார்த்தார்களே அதே ஊர். அங்கேயிருந்து துண்டு துண்டாகக் கடல் தாண்டிக் கொண்டுவந்து பூட்டினார்கள். 2001இல் டைட்டானிக் கட்டிய பெல்ஃபாஸ்ட் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கம்பெனி புதுப்பித்தது, கைப்பிடிக் கம்பிகளில் பெரும்பகுதி பழசையே சரிசெய்து திரும்ப மாட்டினார்கள். மேலே நடப்பதை விட, கரையில் நின்று அடிப்பக்கத்து விலா வளைவுகளைப் பார்ப்பதுதான் அப்பாவுக்கு விருந்து. கடல் ஓதம் அதுவரை ஏறி வரும், தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துப் போனால் நன்றாகத் தெரியும், கொஞ்சம் சேற்று வாடை அடிக்கும், பரவாயில்லை.

கரிசல்மண்:
எல்லோருக்கும் நன்றி, வெல்லெஸ்லி விஷயத்தை இப்போதே அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். போட்டோ எங்கேயிருந்து எடுப்பது? கம்பியில் பூட்டு மாட்டுவார்களாமே, தங்கை ஆசைப்படுகிறாள்.

லிஃபிக்கரை:
பூட்டு வேண்டாம் என்று தங்கையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பாரம், துரு, பெயின்ட் உரிகிறது என்று மாநகராட்சி வெட்டி எடுத்துக்கொண்டே இருக்கிறது. போட்டோவுக்கு மேற்கே அடுத்ததாக மிலேனியம் பாலம், 1999இல் கட்டியது, ஏற்றமும் குறைவு, அம்மாவும் நிம்மதியாக நிற்கலாம். சாயங்காலம் அங்கே நின்றால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம், வெள்ளைப் பாலம் முழுசாக வெளிச்சத்தில் இருக்கும். செப்டம்பர் நடுவில் ஏழரை மணிக்கு மேல்தான் சூரியன் இறங்கும், அதனால் காலையில் பாலம், சாயங்காலம் போட்டோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட் இல்லாமல் வராதீர்கள், ஆற்றுக் காற்று செப்டம்பரிலேயே குளிரும்.