2 அடித் தொட்டியில் கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் எல்லாம் சேர்த்து விடலாமா?

கண்ணாடிக்கரை:
வணக்கம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் புதுத் தொட்டி வச்சிருக்கேன். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுது, 50 வாட் ஹீட்டர் 26 டிகிரியில் இருக்கு. தண்ணி நிரப்பி மூணு நாள் ஆச்சு, ஆன்டி குளோரின் விட்டாச்சு. பிஎச் 7.8, ஜிஎச் (தண்ணியோட கடினத்தன்மை) 14. நினைச்சிருக்கும் மீன்கள்: கோல்டு ஃபிஷ் 2, ஏஞ்சல் 2, டைகர் பார்ப் 6, கப்பி 6, ஆண் ஃபைட்டர் 1, சுத்தம் பண்ண ஒரு சக்கர். எது எதோட ஒத்துப்போகும்? இப்பவே விடலாமா?

அயிரை:
முதலில் கொள்ளளவைப் பாருங்கள். கணக்குப்படி சுமார் 57 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக நிற்பது சுமார் 45 லிட்டர்தான். அதிலேயே பட்டியலில் பாதி கழிந்துவிடும்.

கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன். 18–22 டிகிரி போதும், ஹீட்டரே வேண்டாம். கழிவும் மிக அதிகம். வளர்ந்தபின் வாய்க்கு அடங்கும் கப்பியை விழுங்கிவிடும். ஏஞ்சல் துடுப்போடு 15 செ.மீ.க்கு மேல் உயரும், அதற்கு ஒன்றரை அடி ஆழமாவது வேண்டும். டைகர் பார்ப் நீளமான துடுப்பைக் கண்டால் கடிக்காமல் விடாது: ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் மூன்றுக்குமே ஆபத்து. எட்டுக்கு மேல் கூட்டமாக வைத்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும், ஆனால் அதற்கு இதைவிடப் பெரிய தொட்டி தேவை. ஆண் ஃபைட்டர், கப்பியின் வண்ண வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று பாயும். அதற்கு 20 லிட்டரில் தனித்தொட்டி வையுங்கள்.

சக்கர் மீனை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அது மீன் கழிவைத் தின்னாது. பாசியைச் சுரண்டும், அதுவும் சிறு வயதில்தான். ஓர் அடிக்கு மேல் வளர்ந்து, தானே பெரும் கழிவு போடும்.

என் தேர்வு: கப்பி 6, நியான் டெட்ரா 8.

செதில்:
அயிரை சொன்னதில் நியானை மட்டும் ஏற்கமாட்டேன். அது மென்னீர் மீன். பிஎச் 6–7 இருந்தால்தான் நலமாக இருக்கும், புதுத் தொட்டியையும் தாங்காது. கேட்டவரின் தண்ணீர் கடினம். பிஎச் குறைக்கும் மருந்து ஊற்றினால் இரண்டு நாளில் பழைய அளவுக்கே ஏறிவிடும், அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும். தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே சரி, கப்பிக்கு இந்தத் தண்ணீர் அருமையானது.

கப்பியில் ஆண் மட்டும் 6 வாங்குங்கள். பெண் சேர்த்தால் ஓர் ஆணுக்கு 2–3 பெண் என்று வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை குட்டி போடும். பெண் மட்டும் வாங்கினாலும் தப்பிக்க முடியாது: விந்தைச் சேமித்து வைத்து, ஆண் இல்லாமலே பல மாதம் ஈனும்.

அடித்தளத்துக்கு ப்ரான்ஸ் கோரி (அடியில் மேயும் சிறு கெளுத்தி வகை) 6. கோரி வகைகளில் கடினநீரை ஓரளவு தாங்குவது அது. மீசை தேயாமல் இருக்க மழமழப்பான மெல்லிய மணல் வேண்டும், 3 செ.மீ. ஆழத்துக்கு உங்கள் தொட்டிக்கு சுமார் 8 கிலோ பிடிக்கும். பாசிக்கு நெரைட் நத்தை 2. கடினநீரில் அதன் ஓடு கரையாது, நன்னீரில் குஞ்சு பிழைக்காததால் பெருகவும் செய்யாது.

கண்ணாடிக்கரை:
நன்றி. அப்போ ஆண் கப்பி 6, கோரி 6, நத்தை 2. எப்போ விடலாம்? கல் உப்பு போடணும்னு சொல்றாங்களே?

வாலாட்டி:
உப்பு வேண்டாம். கப்பி தாங்கும், கோரி தாங்காது.

இப்போது மீன் விடாதீர்கள். ஃபில்டரில் இன்னும் பாக்டீரியா வளரவில்லை. மீன் வெளியிடும் அமோனியாவை ஒரு வகை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். இதற்கு வழக்கமாக 4–6 வாரம் ஆகும். உங்கள் பிஎச்சில் அவசரம் இன்னும் ஆபத்து, ஏனென்றால் பிஎச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால் அமோனியாவின் நச்சுப் பங்கு ஏறத்தாழ ஒன்பது மடங்காகிறது.

வாசனையும் சோப்பும் கலக்காத சுத்தமான அமோனியாக் கரைசலை 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். இறங்கினால் மறுபடி 2-க்கு ஏற்றுங்கள். நைட்ரைட் ஏறி நெடுநாள் நிற்கும், அந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமை இழந்து மீன் வாங்கிவிடுகிறார்கள். விட்ட 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் அமோனியா 0, நைட்ரைட் 0 என்று ஆனால் தொட்டி தயார். அப்போது நைட்ரேட் மிகுந்திருக்கும், பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றிவிட்டு மீன் விடுங்கள். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் நாட்கள் வெகுவாகக் குறையும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

முதலில் கப்பி, இரண்டு வாரம் கழித்து கோரி, பாசி படர்ந்தபின் நத்தை. விளக்கை அணைத்து, பையை மூடியபடி 15 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு 5 நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கப் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் அரை மணி நேரம் சேருங்கள். மீனை வலையில் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. முதல் வாரம் தினமும் டெஸ்ட் செய்யுங்கள். அமோனியாவோ நைட்ரைட்டோ 0.25 பிபிஎம் தெரிந்தால் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, மறுநாள் தீனி நிறுத்துங்கள்.